நாலு பேர் பார்த்தால்...

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு தமிழ்க் குடும்பம் மனநல ஆலோசகரைப் பார்க்க முடிவு செய்துவிட்டால், முதலில் விசாரிப்பது அந்த பிளாசாவில் வேறு என்னென்ன கடைகள் இருக்கின்றன என்பதைத்தான். ஆலோசகரின் படிப்பு, கட்டணமெல்லாம் பிறகு. பக்கத்தில் தமிழ்க் கடை உண்டா? மாலையில் கொத்துரொட்டி வாங்க ஆட்கள் வந்து நிற்பார்களா? உண்டு என்றால் அந்த இடம் வேண்டாம். முக்கால் மணி நேரம் காரோட்டி, தெரிந்த முகம் தட்டுப்படாத வேறொரு நகரத்துக்குப் போவார்கள். அங்கே தமிழ் பேசும் ஆலோசகர் கிடைக்க மாட்டார். அதுவும் ஒரு வகையில் நிம்மதிதான். தமிழ் பேசுகிறவர் என்றால் அவருக்கும் ஒரு ஊர் இருக்கும், அந்த ஊரில் நம் சித்தப்பாவைத் தெரிந்த ஒருவர் இருப்பார். மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது வைட்டமின் டப்பாவுக்குள் போய்விடும். மருந்துக்கடை டப்பா குப்பைக்குப் போகும் முன் அதன் லேபிள் கிழிக்கப்பட்டிருக்கும்.

‘படித்த சனமே இப்படியா?’ என்று உச்சுக்கொட்டுவது சுலபம். மனநலம் பற்றிப் பேசும் மேடைகளில் பாதி நேரம் இந்த உச்சுக்கொட்டலிலேயே கழிகிறது. அந்தக் குடும்பத்தை அறியாமையில் கிடக்கிறவர்களாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். வெளியே தெரிந்தால் என்னென்ன கைவிட்டுப் போகும், வாய்திறந்தால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு. போகக்கூடியது பளிச்சென்று தெரிகிறது. கிடைக்கக்கூடியது தெரியவில்லை. இந்தக் கணக்கில் கைவைக்காமல் ஆட்களின் மனதை மட்டும் மாற்றிவிடலாம் என்று பல நாடுகளில் பல ஆண்டுகளாகப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தில் ஒருவர்

கனடாவுக்கு ஈழத்தமிழர்கள் பெருமளவில் வரத் தொடங்கியது இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 பேரை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் பசிபிக் கரைக்கு வந்து சேர்ந்தபோது வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. இறங்கியவர்கள் நேரே தடுப்புக்காவலுக்குப் போனார்கள். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் வந்தவர்கள்தான் இன்றைய ஸ்கார்பரோ. ஷெல்லடி பார்த்தவர்கள், செக்பாயிண்டில் இறக்கிவிடப்பட்ட அண்ணன் திரும்பி வராமலே போனவர்கள், இரண்டு வேலை பார்த்து வீட்டுக் கடன் கட்டி முடித்தவர்கள்.

மனநல மருத்துவர் மோர்ட்டன் பைசரும் குழுவினரும் டொராண்டோவில் வாழும் தமிழர்கள் சுமார் 1,600 பேரைப் பேட்டி கண்டு செய்த ஆய்வு 2003இல் வெளியானது. மூன்றில் ஒருவருக்கு மேல் போர், தாக்குதல் போன்ற கொடுமை ஒன்றையாவது நேரில் அனுபவித்தவர்கள். 12 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு நோய் இருந்தது. இந்த எண்ணைவிட அடுத்த எண்தான் எனக்கு உறுத்துகிறது. நோய் இருந்தவர்களில் எந்த வகையிலாவது சிகிச்சை பெற்றவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். ஒன்டாரியோவில் குடும்ப மருத்துவரைப் பார்க்கக் காசு கிடையாது, மனநல மருத்துவரைப் பார்க்கவும் கிடையாது. கதவு திறந்திருந்தும் பத்தில் ஒன்பது பேர் உள்ளே போகவில்லை.

அவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. குடும்ப மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போனார்கள். ‘தலையிடி’, ‘நெஞ்சு அடைக்குது’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘ராவில நித்திரை இல்லை’. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இ.சி.ஜி. எல்லாம் சரியாக இருக்கும். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்பார் மருத்துவர். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்லோடு வீடு திரும்புகிறவருக்கு, இனி வேறு யாரிடமும் சொல்ல வாயில்லாமல் போய்விடுகிறது. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் வாழும் பஞ்சாபிகளிடம் மானுடவியலாளர் இங்கா-பிரிட் கிராவுஸ் இதையே கண்டு 1989இல் எழுதினார். அவர்களுக்குத் துயரம் ‘இதயம் கீழே இறங்குவதாக’ உடம்பில்தான் தெரிகிறது. கடன், அவமானம், பிள்ளைகள் சொல் கேட்காமை எல்லாம் அந்த நெஞ்சுக்குள்தான் இறங்குகின்றன. நெஞ்சைப் பற்றிச் சொன்னவரிடம் நெஞ்சிலிருந்தே பேச்சைத் தொடங்கத் தெரிந்த மருத்துவர் பாதி வேலையை முடித்துவிடுகிறார். ‘உங்களுக்கு டிப்ரெஷன் இருக்கலாம்’ என்று முதல் நாளே சொல்கிறவர் இரண்டாம் நாள் அவரைப் பார்க்க மாட்டார்.

கணக்குப் புத்தகம்

அந்தக் கணக்கில் எழுதப்பட்டிருப்பது என்ன?

முதல் வரி கல்யாணம். லண்டனின் வடமேற்கே ஹாரோ என்ற பகுதி உண்டு. குஜராத்திகள், தமிழர்கள், பாகிஸ்தானியர் நெருங்கி வாழும் இடம். அங்குள்ள தெற்காசியக் குடும்பங்களிடம் பேசி எழுதப்பட்ட ‘ஃபேமிலி மேட்டர்ஸ்’ என்ற அறிக்கை 2010இல் வெளியானது. ஒருவருக்கு மனநோய் என்றால் அவரோடு நிற்காது, வீட்டில் உள்ள அத்தனை பேரின் வரனும் கெடும் என்ற அச்சம் அதில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ‘பிள்ளைக்கு இடம் பாக்கிற நேரத்தில இதென்ன கதை’ என்று யாழ்ப்பாணத்து அம்மா சொல்வதை, கொஞ்சம் மாற்றி லூதியானா அம்மாவும் சில்ஹெட் அம்மாவும் சொல்கிறார்கள். தங்கை கல்யாணம் முடியட்டும் என்று அண்ணனின் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்படும். மனச்சிதைவு போன்ற நோயில் தொடக்கத்திலேயே சிகிச்சை கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவம் படித்தவர்கள் அறிவார்கள். அந்த முதல் சில ஆண்டுகளைத்தான் தங்கையின் கல்யாணத்துக்கு மொய்யாக எழுதிவிடுகிறோம்.

இரண்டாவது வரியைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. அது அரசாங்கம் எழுதிய வரி. பெற்றோரைக் கனடாவுக்கு வரவழைக்க விண்ணப்பித்தால், அவர்களது நோய் நாட்டின் மருத்துவச் செலவுக்குப் பெரிய சுமையாகுமா என்று பார்ப்பார்கள். ஆகும் என்று தோன்றினால் மறுக்கலாம். அகதிகளுக்கும் கணவன் மனைவிக்கும் இதில் விலக்கு உண்டு, பெற்றோருக்கு இல்லை. 2018இல் அந்தச் செலவு வரம்பை மூன்று மடங்காக உயர்த்தித் தளர்த்தினார்கள். தளர்த்திய செய்தி எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது? பழைய பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. தற்கொலைக்கு முயன்றவர்களைப் பற்றிக் காவல்துறை பதிந்த குறிப்புகள் தேசியத் தரவுத்தளம் வழியாக அமெரிக்க எல்லை அதிகாரிகளின் கைக்கும் போய், சிலர் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒன்டாரியோவின் தனியுரிமை ஆணையராக இருந்த ஆன் கவூக்கியன் 2014இல் இதைக் கண்டித்து அறிக்கையே கொடுத்தார். நியூ ஜெர்சியில் மச்சாள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவேண்டிய ஒரு குடும்பம் ‘போலீசுக்கு ஃபோன் பண்ணாதேங்கோ’ என்று கெஞ்சினால், அதை மூடநம்பிக்கை என்று எப்படிச் சொல்வது?

டாக்சி ஓட்டுகிறவருக்கும் லாரி ஓட்டுகிறவருக்கும் வேறு கவலை. சில நோய்நிலைகளை மருத்துவர் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்று ஒன்டாரியோவில் சட்டம் இருக்கிறது. தீவிர மனப்பிறழ்வு அந்தப் பட்டியலில் உண்டு. தூக்கம் கெட்டு, உற்சாகம் வற்றி, அழுகை முட்டுகிற சாதாரண மனச்சோர்வு அதில் இல்லை. இந்த வித்தியாசத்தைத் தமிழில், பஞ்சாபியில் யாராவது தெளிவாகச் சொன்னாலே எத்தனையோ ஓட்டுநர்கள் மருத்துவரிடம் வாய்திறப்பார்கள். விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளிலோ ‘பேசுங்கள், மனம் திறங்கள்’ என்றுதான் இருக்கிறது. லைசென்ஸ் போகுமா போகாதா என்பது இல்லை.

சிங்கப்பூருக்கு வந்தால் கணக்கு இன்னும் கறாரானது. கட்டுமானத்திலும் கப்பல் தளத்திலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளியின் ‘ஒர்க் பெர்மிட்’ முதலாளியின் கையில் இருக்கிறது. அவர் நினைத்தால் ரத்து செய்யலாம். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் வட்டி போட்டுக்கொண்டிருக்கும். இந்த நிலையில் ‘மனசு சரியில்லை’ என்று சூப்பர்வைசரிடம் சொல்வது டிக்கெட் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பதற்குச் சமம். 2020இல் கொரோனா வந்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் விடுதிகளுக்குள் அடைபட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மனிதவள அமைச்சு ‘ப்ராஜெக்ட் டான்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஹெல்த்சர்வ் என்ற தொண்டு நிறுவனம் தொழிலாளர்களின் மொழிகளில் ஆலோசனை தருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் பெர்மிட் விதி அப்படியே இருக்க, உதவி எண்ணை மட்டும் விடுதிச் சுவரில் ஒட்டினால், அந்த எண்ணை எத்தனை பேர் துணிந்து அழுத்துவார்கள்?

மௌனத்தின் விலை

பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட நேபாளி மொழி பேசும் மக்கள் நேபாளத்து முகாம்களில் ஏறக்குறைய இருபது ஆண்டு காத்திருந்தார்கள். 2008 முதல் அமெரிக்கா அவர்களை ஆயிரக்கணக்கில் அழைத்துக் குடியேற்றியது. துன்பம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்த இடத்தில் தற்கொலைகள் தொடங்கின. 2009 பிப்ரவரியிலிருந்து மூன்றாண்டில் 16 பேர். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களிடையே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 20.3. அமெரிக்கப் பொதுமக்களிடையே 12.4.

அவர்களை அழுத்தியவை மொழி தெரியாதது, வேலை கிடைக்காதது, ஊரில் குடும்பத்தைத் தாங்கியவர் இங்கே பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்பது. மருந்தால் மட்டும் தீர்கிற காரியமில்லை. அங்கே செய்த ஒரு காரியம் குறிப்பிட வேண்டியது. அந்தச் சமூகத்திலேயே மதிப்புள்ள ஆட்களைப் பிடித்து, மனநல முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஒதுங்கத் தொடங்கினால் எப்படிப் பேச்சுக் கொடுப்பது, ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்பது எப்படி, கேட்டபின் எங்கே அழைத்துப்போவது. அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை விதைத்துவிடுவோமோ என்ற பயம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. கேட்டால் பெரும்பாலும் பாரம் இறங்கத்தான் செய்கிறது.

தாய்மார் கூடிய அறை

எது பலிக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடி, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் உலகம் முழுக்க உள்ள ஆதாரங்களைத் திரட்டிப் பார்த்தது. கிரஹாம் தார்னிகிராஃப்டும், மனநோயைத் தானே அனுபவித்தவரான சார்லீன் சன்கெலும் அதற்குத் தலைமை. மனநோயோடு வாழ்கிறவர்களோடு மற்றவர்கள் பழகுவதுதான் களங்க உணர்வைக் குறைக்கும் வழிகளில் மிக வலுவானது என்று 2022இல் ஆணையம் சொன்னது. வீடியோவில் பார்ப்பதும் ஓரளவு பலன் தரும்.

தூரத்து நட்சத்திரங்களைப் பார்ப்பது வேறு. நடிகை தீபிகா படுகோன் 2015இல் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியபோது நம் வீடுகளிலும் கைதட்டினோம். அதையே வீட்டு மருமகள் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்போமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

மருமகள்களுக்காகவே நடந்த ஒரு காரியம் பிரிட்டனில் இருக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் நுஸ்ரத் ஹுசைன் தலைமையில் ‘ரோஷ்னி-2’ என்ற பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2024இல் லான்செட்டில் வெளியாயின. பிள்ளை பெற்று ஓராண்டுக்குள் மனச்சோர்வில் சிக்கிய பிரிட்டிஷ் தெற்காசியப் பெண்கள் 732 பேர் அதில் பங்குபெற்றார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுபாதிக்கு அதோடு சேர்த்து 12 குழுச் சந்திப்புகள்.

சந்திப்புகளை நடத்திய விதத்தில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது. மனநல மருத்துவமனைக்கு வரச் சொல்லவில்லை. குழந்தைகள் மையம், நூலகம் போன்ற, யார் பார்த்தாலும் கேள்வி வராத இடங்கள். ‘பாசிட்டிவ் ஹெல்த் புரோகிராம்’ என்று பெயர் வைத்தார்கள். மாமியாரிடம் ‘உடம்பு நல்லபடியாக இருக்க ஒரு வகுப்பு’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். நடத்துகிறவர்கள் அந்தப் பெண்களின் மொழி பேசுகிறவர்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, வந்துபோக வண்டி ஏற்பாடு உண்டு. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, குழுவுக்கு வந்தவர்களில் 49 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 37 விழுக்காடு. ஓராண்டு கழித்து இந்த இடைவெளி நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கு எட்டு மாதம் முன்னதாகவே விடிவது சின்ன விஷயமா?

வண்டியையும் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆளையும் சில்லறை விஷயம் என்று நினைக்கிறவர்கள், ஒரு நாளாவது மாமியார், இரண்டு பிள்ளைகள், பகுதிநேர வேலை மூன்றையும் சமாளித்துவிட்டு பஸ் பிடித்துப் பார்க்கட்டும். யாருக்கு உதவி தேவை என்று கண்டறியவும் வழி இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகெங்கும் பயன்படுத்தும் எடின்பரோ கேள்விப்பட்டியலில் பத்தே கேள்விகள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதன் தமிழ் வடிவத்தை முறையாகச் சோதித்து 2005இலேயே வெளியிட்டுவிட்டார்கள். கருவி கையில் இருக்கிறது, எந்தத் தமிழ் மருத்துவரும் நாளைக்கே எடுக்கலாம்.

கனடாவிலும் ஒரு முயற்சி நடக்கிறது. டொராண்டோவின் மனநல மையமான காம்ஹில் மருத்துவர் ஃபரூக் நயீம், எண்ணங்களைச் சீர்படுத்தும் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையைத் தெற்காசியர்களுக்கு ஏற்ப மாற்றியமைத்திருக்கிறார். முதல் சந்திப்பிலேயே குடும்பத்தாரையும் உட்கார வைக்கலாம். உடம்பு வலியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். ‘செய்வினையாக இருக்குமோ’ என்று கேட்டால் சிரிக்காமல், உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை நான்கையும் சேர்த்து வைத்து விளக்கலாம். தனியாக வா, தனியாகப் பேசு, உன் எல்லையை நீயே வகுத்துக்கொள் என்று மேற்கத்திய ஆலோசகர் சொல்வது, கூட்டுக்குடும்பத்து மருமகளுக்குப் பல நேரம் புதுச் சண்டையைத்தான் வீட்டுக்கு அனுப்பிவைக்கும்.

கோயில் வாசல் வரை

நம் ஆட்கள் முதலில் போவது கோயிலுக்கும் ஜோசியரிடமும் தர்காவுக்கும் ஜெபக்கூட்டத்துக்கும். இதைக் கேலி செய்து லாபமில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் முழுக்க வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அதைக் கேலி செய்யாமல் கருவியாக்கினார். இந்துவுக்கு ஜபம், கிறிஸ்தவருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்கு திக்ரு என்று அவரவர் பழக்கத்திலிருந்தே மனத்தைத் தளர்த்தும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். ‘மனவடு’ என்று தமிழில் அவர் எழுதிய கைநூல் 1990களில் வடக்கில் ஆசிரியர்கள், தாதியர், கிராம சேவகர் கைகளில் புழங்கியது. பின்னாளில் அவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்து அங்கும் அகதிகளிடையே வேலை செய்தார். பதுங்குகுழிக் காலத்தில் இத்தனை செய்ய முடிந்திருக்கிறது. டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரத்திலும் லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் கோடிகளில் கோபுரம் எழுப்பியிருக்கும் கோயில்களில் வாரம் ஒரு மணி நேரம் ஆலோசகருக்கு ஓர் அறை ஒதுக்க முடியாதா? அதை அறிவிக்க, திருவிழா மலரில் விளம்பரத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றே ஒன்று போதும்.

ஆனால் வாசல் வரைதான். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். நம்பிக்கை ஆறுதல் தரலாம், சங்கிலியாக விடக்கூடாது. வெளிநாட்டிலிருந்து ‘ஊரில் நல்ல இடம் இருக்கு’ என்று பிள்ளையை அழைத்துவந்து மாதக்கணக்கில் மந்திரிக்க விட்டுப்போகும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

அம்மா சொன்னதும் மகள் சொன்னதும்

புலம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தை மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறது. வங்கிக் கடிதம், பள்ளிக்கூடத்து அறிவிப்பு, தண்ணீர் பில். அதே குழந்தைதான் மருத்துவர் அறையிலும் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில். ‘இருக்கவே பிடிக்கேல்லை எண்டு சொல்லு’ என்று அம்மா சொல்கிறாள். பதினொரு வயது மகள் மருத்துவரிடம் திரும்பி, அம்மாவுக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். அவளுக்குச் சொல் தெரியாமல் இல்லை. அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல அவளால் முடியவில்லை. மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அன்றிரவு அவள் தூங்குவாள் என்று நினைக்கிறீர்களா? அவளுக்கு இருபது வயதானதும் பல்கலைக்கழகத்து ஆலோசனை மையத்தில் போய் அழுவாள், வீட்டில் சொல்லாமல்.

இதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர். அதற்குப் பணம் வேண்டும், அது ஆண்டுதோறும் வரவேண்டும். இங்கிலாந்தில் 2007இல் தொடங்கி மனநோய் பற்றிய பார்வையை மாற்றப் பாடுபட்ட ‘டைம் டு சேஞ்ச்’ இயக்கம், நிதி நின்றதும் 2021 மார்ச்சில் மூடப்பட்டது. ஹாரோவின் தெற்காசியக் குடும்பங்களிடம் பேசி ‘ஃபேமிலி மேட்டர்ஸ்’ அறிக்கையை வெளியிட்டவர்கள் அவர்கள்தான். மூன்றாண்டு மானியத்தில் ஒரு சமூக ஊழியரை நியமித்து, அவர் வீடுவீடாக நம்பிக்கையைச் சம்பாதித்து முடிக்கும்போது மானியமும் முடிகிறது. ஒன்டாரியோவில் மருத்துவரைப் பார்க்கக் காசு கிடையாது என்றாலும், தனியார் ஆலோசகரின் கட்டணத்தை அரசுக் காப்பீடு ஏற்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு நூறு டாலருக்கு மேல். தொழிற்சாலையில் குறைந்த கூலிக்கு நிற்பவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் சம்பளம்.

இரவு இரண்டு மணிக்குச் சென்னையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் ஒருவர் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அழைக்க 1926 இருக்கிறது. கனடா 2023 நவம்பர் 30 அன்று 988 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணை நாடு முழுமைக்கும் திறந்தது. நல்ல சேவை, எந்நேரமும் ஆள் உண்டு, கட்டணமில்லை, அழைக்கத் தயங்க வேண்டாம். அந்த ஆள் பேசுவது ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில்.